லாடக்காரர் வீட்டு வம்சாவளி

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைக்கு வெளியே, என் தகரக் கூரை விடுகிற நிழலில், ஒரு மேஜையும் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டுக்கொண்டு ரூபீனா அக்கா உட்கார்ந்திருப்பார். பதினோரு வருடமாக அங்கேதான். மனு எழுதுவது அவர் வேலை. பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, தொலைந்துபோன ரேஷன் கார்டு என்று எல்லாவற்றுக்கும் எழுதுவார். ஆனால் அவர் பேர் வாங்கியது வாரிசுச் சான்றுக்கு. வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், பின்னால் இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு வம்சாவளி வரைந்து மனுவோடு வைக்க வேண்டும். ரூபீனா அக்கா வரைந்தால் ஒரு தலை விட்டுப்போகாது.

விட்டுப்போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அவரிடம் வரக் கூடாது. தெரியாமல் வந்து மாட்டிக்கொள்வார்கள். அடி அண்ணாமலையிலிருந்து ஆதிமூலம் என்று ஒருவர் வந்தார். அப்பா தவறிவிட்டார், வாரிசு நானும் தம்பியும்தான் என்றார். அக்கா எழுதிக்கொண்டே, சும்மா ஊர்க்கதை கேட்கிற மாதிரி, "உங்க மடியில உக்கார வெச்சு எந்தப் புள்ளைக்குங்க மொத மொதல்ல காது குத்துனீங்க?" என்று கேட்டார். மனுஷன் பூரித்துப்போய், "என் தங்கச்சி பையனுக்குங்க. படவேட்டுல வெச்சு, கெடா வெட்டி, ஊரையே கூப்ட்டு..." என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தங்கச்சி பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். அன்று நான் சிரித்த சிரிப்பில், மெஷினில் பேப்பர் சிக்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

அவருக்கு இந்த விஷயத்தில் ஒரு சூடு உண்டு. அவருடைய அப்பா இறந்தபோது அண்ணன்மார் இரண்டு பேரும், வாரிசு நாங்கள் இருவர்தான் என்று எழுதி வாங்கிவிட்டார்கள். அக்கா அப்போது கைக்குழந்தையோடு இருந்தார், கணவரும் தவறியிருந்தார். "வூடு போனா போவுது முருகவேலு. அந்தப் பேப்பர் பிரகாரம் எங்கப்பாவுக்கு நான் பொறக்கவே இல்லியே" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியமும் எனக்குக் கிடையாது.

இரண்டு மூன்று தலைமுறைக்கு முந்தையவர்களைக் கண்டுபிடிக்க அவரிடம் வேறொரு வழி. இந்து வீடு என்றால், "படையல் போடும்போது யாரையெல்லாம் நெனச்சுப் போடுறீங்க?" என்பார். முஸ்லிம் வீடு என்றால், "பராஅத்துக்கு யார் யார் பேரைச் சொல்லி ஓதுறீங்க?" என்பார். பராஅத் அன்று வீட்டில் இறந்துபோன ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஃபாத்திஹா ஓதுவது அவர்கள் வீடுகளில் வழக்கம். "பட்டால பொம்பளைங்க இருக்க மாட்டாங்க, ஊரை விட்டுப் போனவங்க இருக்க மாட்டாங்க. சோறு ஆக்கி வெச்சு பேர் சொல்ற எடத்துல எல்லாரும் இருப்பாங்க" என்பது அக்காவின் கட்சி. பெரிய பெரிய வக்கீல்கள் தேடிச் சலித்த பேரையெல்லாம் அவர் இந்த ஒரு கேள்வியால் பிடித்திருக்கிறார்.

போன வருடம் ஒரு புதன்கிழமை காலையில் ஆட்டோ ஒன்று வந்து ஒரு அம்மாவை எங்கள் கடை முன்னால் இறக்கிவிட்டது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், எங்களைவிடக் கறுப்பு, சுருட்டை முடியின் மேல் வெள்ளை முக்காடு, பூப்போட்ட நீளப் பாவாடை. வெளிநாட்டுக்காரர் என்றால் ஆசிரமத்துக்குத்தான் என்பது எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் கணக்கு. வந்து இறங்கியதும் அங்கே கொண்டுபோய்த் தியான மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டார்களாம். பாவம், அந்த அம்மா அரை மணி நேரம் மரியாதைக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, "கவர்மென்ட் ஆபீஸ்" என்று கேட்டுக் கேட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

பெயர் மரியமா. பிஜி நாட்டுப் பக்கம் ஒரு சின்னத் தீவு. தீவின் பேர் என் வாயில் நுழையவில்லை, அதனால் தீவு என்றே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் பேசுகிற இந்தி அவருக்குத் தெரியும். ரூபீனா அக்கா வீட்டில் உருது. இரண்டும் முட்டி மோதிக்கொண்டாலும் பேச்சு நடந்தது. எனக்கு இரண்டுமே வராது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே "இன்னாவாம், இன்னாவாம்" என்று கேட்டு, அக்கா சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கதை.

மரியமா ஒரு தலைவர் வீட்டுப் பெண். அவர்கள் தீவில் ஊருக்கு ஒரு தலைவர் உண்டு, பரம்பரைப் பட்டம். நிலம், கரை, மீன் பிடிக்கிற இடம் எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான் கடைசி. மரியமாவின் கொள்ளுத்தாத்தா காதர் பாஷா இந்தியாவிலிருந்து 1909-ல் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலில் போனவர். ஒப்பந்தம் முடிந்த பிறகு அந்தத் தீவுக்குப் போய், அப்போதைய தலைவரின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டார். தலைவர் வீடு அவரால் முஸ்லிம் வீடாயிற்று, பங்காளிகளும் பின்னாலேயே வந்தார்கள். காதர் பாஷாவின் மகனுக்குப் பட்டம் போனது, அப்புறம் பேரனுக்கு. அந்தப் பேரன்தான் மரியமாவின் அப்பா. அவர் நான்கு மாதம் முன்னால் இறந்துவிட்டார்.

இப்போது பட்டம் மரியமாவின் தம்பி ஈசாவுக்கு வர வேண்டும். பழைய தலைவரின் பங்காளி வழியில் யாகூப் என்று ஒருவர் குறுக்கே நிற்கிறார். முப்பது வருடம் தலைநகரத்தில் தொழில் செய்துவிட்டு, துக்கத்துக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். பட்டம் கிடைத்தால் கரையை ஒரு உல்லாச விடுதிக்குக் குத்தகைக்கு விடுவதாகப் பேசி முடித்தாயிற்று. ஊர் மீன் பிடிக்கிற கரை அது ஒன்றுதான். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் யாகூப், "கப்பலில் கூலியாக வந்தவன் வம்சத்துக்கு எதற்குப் பட்டம்?" என்று கேட்டிருக்கிறார். ஈசா வீட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பதிலைச் சொன்னார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா வெறும் கூலி அல்ல, ஆற்காட்டு நவாபின் மகன், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறியவர் என்று. அப்படியானால் அந்த ஊரிலிருந்து வம்சாவளி எழுதி வாங்கி வா என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மரியமா பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தார். காதர் பாஷாவின் கப்பல் சீட்டு நகல். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். வயது இருபத்திரண்டு. இடது முன்கையில் தீக்காயத் தழும்பு. நெருங்கிய உறவு என்ற இடத்தில், தங்கை ஜைனப். ஜில்லா தென்னார்க்காடு. தாலுகா திருவண்ணாமலை.

தென்னார்க்காடு என்று போட்டிருந்ததால் மரியமா முதலில் கடலூருக்குப் போய் மூன்று நாள் அலைந்திருக்கிறார். அங்கே, திருவண்ணாமலை எங்கள் ஜில்லாவே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "1911 வரைக்கும் நம்ம தாலுகா தென்னார்க்காட்டுலதான் இருந்துச்சு முருகவேலு. பழைய பத்திரத்துல நான் எத்தினி தபா பாத்திருக்கேன். இந்தம்மா எட்டு நாள் டிக்கெட் போட்டு வந்து மூணு நாளைக் கோட்டை விட்டுட்டாங்க."

அப்போதே அக்காவுக்கு நவாப் கதை எங்கே கிளைத்தது என்று புரிந்துவிட்டது. சீட்டில் ஆற்காடு என்று இருக்கிறது, பேரில் பாஷா இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்கிற பேரப்பிள்ளைகளுக்கு இது போதாதா? எங்கள் ஊரில் பாஷா இல்லாத தெரு கிடையாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அக்கா அன்று அதைச் சொல்லவில்லை. மரியமாவைப் பார்த்து வழக்கமான கேள்வியை மட்டும் கேட்டார். "உங்க வீட்டுல அவரு பேரைச் சொல்லும்போது கூட யார் பேரைச் சொல்வீங்க?"

மரியமா யோசிக்கவே இல்லை. "ஜைனபின் அண்ணன் காதர் பாஷா. அப்படித்தான் சொல்வோம். எங்கள் தீவில் ஒரு ஆணை அவன் அப்பா பேரால் சொல்ல மாட்டார்கள், அக்கா தங்கை பேரால் சொல்வார்கள்" என்றார். ரூபீனா அக்கா ஒரு புதுத் தாளை எடுத்து, முதல் வரியில் ஜைனப் என்று எழுதினார்.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் டவுனில் பழைய முஸ்லிம் வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினார்கள். ஜமாத் பதிவேட்டில் ஜைனப் இல்லை, அக்கா அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பராஅத்துக்கு ஓதுகிற பேர்களைக் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள். பதினான்காவது டீ குடித்தபோது மரியமாவுக்கு வயிறு கெட்டுப்போய்விட்டதாக அக்கா சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், இட்லி மாவு அரைத்து விற்கிற பீபி ஜான் வீட்டுக்குப் போனார்கள். அறுபது வயது, தனிக்கட்டை. அந்த வீட்டுக்கு லாடக்காரர் வீடு என்று பேர். குதிரை வண்டி போய் எத்தனையோ காலமாகிறது, வீட்டுப் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பீபி ஜான் கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையில் மாவோடு நின்றபடியே பேர்களைச் சொன்னாராம். அப்பா, அம்மா, கணவர், மாமியார். அப்புறம் அம்மாவின் அம்மா. அப்புறம் அவருடைய அம்மா ஜைனப் பீ. கடைசியாக, "காதர் பாஷா, கப்ரு எங்கன்னு தெரியாதவரு."

"அது யாரு ஆப்பா?" என்று அக்கா கேட்டார். ஆப்பா என்றால் அவர்கள் வீட்டுப் பேச்சில் அக்கா, கப்ரு என்றால் அடக்கம் செய்த இடம்.

"யாரு கண்டா? ஜைனப் பீக்கு அண்ணனாம். குதிரைக்கு லாடம் அடிச்சுட்டு இருந்தாராம். தங்கச்சிகிட்ட இன்னாத்துக்கோ சண்டை போட்டுக்கினு, சாப்பிடாம கொள்ளாம வூட்டை விட்டுப் போயிட்டாராம். ஜைனப் பீ சாவுற வரைக்கும் அவரு பேரைச் சொல்லி ஓதியிருக்காங்க. அவங்க பொண்ணு ஓதுனாங்க, எங்கம்மா ஓதுனாங்க. நான் ஓதுறேன். எங்க செத்தாரோ, எவன் மண்ணு போட்டானோ."

அக்கா இதை உருதும் இந்தியும் கலந்து மரியமாவிடம் சொல்லி முடித்தார். மரியமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். மாவு சிந்திக் கிடந்த தரையில் சம்மணம் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் குழித்து, மெதுவாக மூன்று முறை தட்டினார். அது அவர்கள் ஊர் மரியாதை. பீபி ஜான் பதறிப்போய், "இன்னாம்மா இது, எழுந்திருக்கச் சொல்லு" என்று அக்காவைப் பிடித்துக்கொண்டார். மரியமா எழுந்திருக்கவில்லை. ஒரு வீட்டில் பிறந்து, கல்யாணமாகிப் போன பெண்ணின் வாரிசுகள்தான் அந்த வீட்டுக்குப் பெரியவர்கள், அவர்கள் வந்து ஒன்றைக் கேட்டால் தலைவரானாலும் இல்லை என்று சொல்லக் கூடாது, பட்டத்துக்கு உரியவர் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் இருக்கிறதே, அதையே கொஞ்சம் கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலையில் தகராறு வந்தது. அக்கா வம்சாவளியை வரைந்து, என்னிடம் தட்டச்சுக்குக் கொடுத்தார். மரியமா பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேராகக் கேட்டார். காதர் பாஷாவுக்கு நேரே தொழில் என்ற இடத்தில் லாடம் அடிப்பவர் என்று இருந்தது. மரியமாவின் முகம் மாறியது. ஜைனப் இருக்கட்டும், பீபி ஜான் இருக்கட்டும், மேலே ஒரு வரி நவாப் என்று எழுதிவிடுங்கள் என்றார். அக்கா மாட்டேன் என்றார்.

மரியமா கெஞ்சினார், அப்புறம் கோபப்பட்டார். என்ன சொல்கிறார் என்று புரியாவிட்டாலும் அழுகை எல்லா பாஷையிலும் ஒன்றுதானே. கரை போனால் நாற்பது குடும்பம் கூலிக்குப் போக வேண்டும், உங்கள் ஒரு வரியில் அது இருக்கிறது என்றாராம். எனக்கே மனசு கேட்கவில்லை.

"எழுதிக் குடுத்துட்டா இன்னாக்கா? நவாப் இன்னா எழுந்து வந்து கேக்கப்போறாரா? யாருக்கு நஷ்டம்?" என்றேன்.

அக்காவுக்கு வந்த கோபத்தில் பேனா மூடி எகிறிப் போய் சாக்கடையில் விழுந்தது. "யாருக்கு நஷ்டமா? நவாப் மவன்னு எழுதுனா லாடக்காரர் வூட்டுல அவருக்குத் தங்கச்சி எப்படிடா இருப்பா? ஜைனப்பை அடிக்கணும். அவ பொண்ணை அடிக்கணும். இந்த ஆப்பாவை அடிக்கணும். நூறு வருஷமா அந்த ஆளுக்காகக் கையேந்துன நாலு பொம்பளைங்களையும் அடிச்சுட்டு, எவனோ ஒருத்தனை அப்பன்னு எழுதணும். அதுக்கு வேற ஆளைப் பாரு."

இதை மரியமாவுக்கும் சொன்னார், இதே சூட்டில் அல்ல, கையைப் பிடித்துக்கொண்டு. மரியமா கையை விடுவித்துக்கொண்டார். உள்ளதை உள்ளபடி எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சலாம் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அக்கா சரியாகவே இல்லை. மனு எழுதும்போது தேதியைத் தப்பாகப் போட்டார். நான் வேண்டுமென்றே ஆதிமூலம் கதையை எடுத்தேன், சிரிக்கவில்லை. "நான் பண்ணது சரிதான் முருகவேலு. ஆனா அந்த ஜனங்களுக்கு நான் யாரு? அவங்க கரையை நான் எதுக்குத் தொலைக்கணும்?" என்றார். நான் டீ வாங்கப் போகிறேன் என்று எழுந்து போனேன்.

பத்தாம் நாள் மரியமாவிடமிருந்து போன் வந்தது. தாள் மட்டும் போதாது, எழுதியவரையும் தங்கை வீட்டு வாரிசையும் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களாம். வியாழக்கிழமை, எங்களுக்குக் காலை எட்டரை, அவர்களுக்குச் சாயங்காலம் மூன்று. என் கடைக் கம்ப்யூட்டரில் வீடியோ கால். முதல் நாளே நான் கடையைக் கூட்டித் துடைத்து, திரையைத் துணியால் நான்கு முறை துடைத்தேன். பீபி ஜான் பெருநாள் புடவையில், கையில் ஒரு டப்பா கேசரியோடு வந்தார். அந்தக் கேசரியைத் தீவுக்கு எப்படி அனுப்புவது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டோம்.

போனை நீட்டிப் பிடித்திருந்த மரியமாவுக்குப் பின்னால், திரையில் ஒரு பெரிய கூரைக்கொட்டகை தெரிந்தது. தரையில் பாய் விரித்து முப்பது நாற்பது பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பொத்தானில் மாட்டிய கறுப்புக் கண்ணாடி, அதுதான் யாகூப். ஈசா எங்கே என்று தேடினேன். கடைசி வரிசையில், ஒரு தூணோரம், வலை இழுத்துக் காய்ப்பேறிய கைகளோடு ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பட்டத்துக்கு நிற்கிற ஆள் இப்படியா ஒளிந்துகொண்டு உட்காருவது?

அக்கா வம்சாவளியை உருதில் வாசித்தார். மரியமா அவர்கள் பாஷையில் சொன்னார். லாடம் அடிப்பவர் என்ற இடம் வந்ததும், யாகூப் கையை உயர்த்தி ஏதோ கேட்டார். பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். மரியமா மொழிபெயர்த்தார். குதிரையின் காலைப் பிடித்தவனா என்று கேட்கிறார்.

"ஆமாம்னு சொல்லுங்க" என்றார் அக்கா. "குதிரை காலைப் புடிச்சவருதான். கையில தீக்காயம் சீட்டுலயே இருக்குது. உழைச்சுச் சாப்பிட்டவரு."

பெரியவர் தங்கை வீட்டு அம்மாவைப் பேசச் சொன்னார். பீபி ஜான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பராஅத்துக்குச் சொல்கிற மாதிரியே பேர்களைச் சொன்னார். ஜைனப் பீ பேர் வந்தபோது அங்கே சிரிப்பு நின்றிருந்தது. காதர் பாஷா பேர் வந்ததும் பெரியவர் முதுகை நிமிர்த்தி, கைகளைக் குழித்துத் தட்டினார். கொட்டகை முழுக்கத் தட்டியது. யாகூப்பும் தட்டினார், வழக்கமாயிற்றே.

பிறகு பெரியவர் பேசினார். மரியமா வரி வரியாகச் சொன்னார். "எங்கள் வீட்டுப் பெண்ணின் வாரிசு நீங்கள். ஒன்று கேளுங்கள். இந்த ஊரின் தலைவர் எவரோ, அவர் எழுந்து தன் கையால் கொடுப்பார்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஈசாவுக்குப் பட்டம் என்று இந்தம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும், இல்லை என்று சொல்ல அவர்களால் முடியாது. திரையில் மரியமாவின் கண்கள் பீபி ஜானைக் கெஞ்சின, ஆனால் வாய் திறந்து சொல்ல அவருக்கு உரிமை இல்லை. நான் குனிந்து, "பீபிம்மா, ஈசாவுக்குப் பட்டம்னு கேளுங்க, பட்டம்னு" என்று கிசுகிசுத்தேன். ரூபீனா அக்கா என் கையில் பட்டென்று அடித்தார்.

"நீ சும்மா இரு. அவங்க வீட்டு விஷயம், அவங்க வாய். இன்னா வேணுமோ அவங்களே கேக்கட்டும்."

பீபி ஜான் எங்கள் இருவரையும் பார்த்தார். பட்டம், கரை, குத்தகை எதுவும் அவர் மனதில் இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "அவரு கப்ரு எங்க இருக்குதுன்னு காட்டச் சொல்லு ரூபீனா. ஒரு தபா பாத்துக்குறேன்" என்றார்.

தொலைந்தது என்று நினைத்தேன். அக்கா ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மரியமா கண்ணை மூடித் திறந்து, தன் பாஷையில் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் யாகூப் எழுந்துவிட்டார். தலைவர் எவரோ அவர் கொடுப்பார் என்று சொன்னார்கள் அல்லவா? மரியமாவின் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கொட்டகையை விட்டு இறங்கி நடந்தார். ஊர் முழுக்கப் பின்னால் எழுந்து வந்தது. எங்களுக்கு அவருடைய தாடையும், வெள்ளைச் சட்டைக் காலரும், பின்னால் ஆடி ஆடி வருகிற தலைகளும் தெரிந்தன.

தென்னை மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனதும், போன் ஆடிய ஆட்டத்தில், பாதை இரண்டாகப் பிரிவது தெரிந்தது. ஒன்று கடல் பக்கம் இறங்கியது, ஒன்று மேட்டில் ஏறியது. யாகூப் நின்றார். கடல் பக்கம் பார்த்தார், மேட்டுப் பக்கம் பார்த்தார். கடல் பக்கம் நான்கு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். காலர் வேர்வையில் நனைந்திருந்தது. பின்னால் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து, ஒரே ஒரு சொல் கேட்டார். மொழிபெயர்க்க அங்கே மரியமாவின் குரல் இல்லை. எந்தப் பக்கம் என்று கேட்டார் என்பது எனக்கே புரிந்தது.

நாற்பது பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கூட்டம் விலகியது. கடைசியிலிருந்து ஈசா வந்தார். யாரையும் பார்க்கவில்லை, யாகூப்பைத் தாண்டி, வெறுங்காலோடு மேட்டுப் பாதையில் ஏறினார். பெரியவர் அவர் பின்னால் போனார். ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள். போனை முன்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு யாகூப் கடைசியில் வந்தார், அதனால் திரையில் எங்களுக்கு முதுகுகள் மட்டுமே தெரிந்தன.

மேட்டின் மேலே வெள்ளைப் பவளக்கல் அடுக்கிய கப்ரு. சுற்றிலும் ஒரு சருகு இல்லை. ஈசா குனிந்து, காலையில் பெருக்கிவிட்டு அங்கேயே வைத்துப் போன விளக்குமாற்றை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். பீபி ஜான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். இரண்டு கையையும் ஏந்தி ஓதினார். ரூபீனா அக்காவும் ஏந்தினார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஓதி முடித்ததும் பீபி ஜான் திரையைப் பார்த்து, "நல்லா பாத்துக்கினு இருக்காங்க ரூபீனா, நல்லா பாத்துக்கினு இருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

பெரியவர் ஈசாவைத் தோளைப் பிடித்து கப்ருவின் தலைமாட்டில் உட்கார வைத்தார். தானும் அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அடுத்து என்ன என்று பார்ப்பதற்குள் திரை ஒரு ஆட்டம் ஆடியது. தரை வந்தது, புல் வந்தது, அப்புறம் வானம். யாகூப் போனைக் கீழே வைத்துவிட்டார். தென்னங்கீற்றும் மேகமும் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"கட்டாயிடுச்சா?" என்று கேட்டார் பீபி ஜான்.

"இல்ல ஆப்பா, லைன்லதான் இருக்குது" என்றார் அக்கா.

அப்போது கைதட்டுகிற சத்தம் வந்தது. முதலில் பெரியவருடையது, மெதுவாக. பிறகு எல்லாருமாக. எல்லாவற்றையும்விடக் கிட்டத்தில், போனுக்குப் பக்கத்திலேயே, ஒரு ஜோடிக் கை தட்டியது. அந்த மரியாதைக்கு இரண்டு கையும் வேண்டும்.